49 நிமிடமும் 14 நாளும்: இணைய முடக்கம் எப்போது செய்தியாகிறது?

2022 ஏப்ரல் 5, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி மதியம் 1.08 மணிக்கு அலுவலக வேலைகளுக்கான மென்பொருள் விற்கும் அட்லாசியன் நிறுவனத்தின் கிளவுட் அமைப்பில் ஒரு ஸ்க்ரிப்டை (கட்டளைகளைத் தானாக நிறைவேற்றும் சிறு நிரலை) ஓட விட்டார்கள். 1.31-க்கு அது ஓடி முடிந்தது. அந்த 23 நிமிடத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் அழிந்துபோயின. யாரும் ஊடுருவவில்லை, டேட்டா சென்டரில் தீப்பிடிக்கவில்லை, மின்சாரம் போகவில்லை. நிறுவனத்தின் ஊழியர்களே, சொந்தக் கருவியை வைத்து, வேறு எதையோ அழிக்கப் போய் இதை அழித்துவிட்டார்கள். முதல் சிலருக்கு ஏப்ரல் 8-ஆம் தேதி தளம் திரும்பக் கிடைத்தது. வரிசையில் கடைசியாக இருந்தவர்களுக்கு ஏப்ரல் 18 ஆகிவிட்டது.

ஐ.டி. துறைக்கு வெளியே இருப்பவர்களிடம் இதைச் சொன்னால், "அப்படி ஒன்று நடந்ததா?" என்பார்கள். அவர்களிடமே, 2021 அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை இரவு வாட்ஸ்அப் நின்றுபோனதே, நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எங்கே உட்கார்ந்திருந்தோம், வைஃபை ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டோம் என்பது வரை சொல்வார்கள். அது ஏறக்குறைய ஆறு மணி நேரம். இது சிலருக்கு இரண்டு வாரம்.

பயனர் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் வாட்ஸ்அப்பையும் நடத்தும் பேஸ்புக்குக்கு அதிகக் கவனம் கிடைத்தது நியாயம்தான். அந்தச் செய்திகளைக் குறைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அட்லாசியன் விஷயத்தில் முதல் ஒரு வாரம் பொது ஊடகங்களில் ஏறக்குறைய யாருமே கேள்வி கேட்கவில்லை, அந்த ஒரு வாரமும் நிறுவனத்தின் தலைமை பொதுவெளியில் வாய் திறக்கவில்லை. இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் வாதம். அதைக் காட்டத்தான் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு ஜிராவை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நிறுவனத்தில் யார் எந்த வேலையைச் செய்ய வேண்டும், எது முடிந்தது, எந்த வாடிக்கையாளரின் புகார் யார் கையில் நிற்கிறது என்பதையெல்லாம் பதிந்து வைக்கும் பேரேடு ஜிரா. அந்த வேலைகளுக்கான குறிப்புகளையும் வழிமுறைகளையும் எழுதி வைக்கும் இடம் கன்ஃப்ளூயன்ஸ். நள்ளிரவில் சர்வர் விழுந்தால் அன்றைய அவசரப் பொறுப்பில் இருப்பவரை எழுப்பும் மணி ஆப்ஸ்ஜீனி. அப்போது மூன்றையும் விற்றுவந்தது, சிட்னியில் 2002-இல் தொடங்கிய அட்லாசியன். சம்பவம் நடந்தபோது அதற்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு தனி ஆள் இல்லை, ஒரு நிறுவனம். பாதிக்கப்பட்ட 775 நிறுவனங்களில் பலருக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் போனது. வேலைப் பட்டியல் இல்லை, அந்த வேலையை எப்படிச் செய்வது என்ற குறிப்பு இல்லை, தங்கள் சொந்த சர்வர் விழுந்தால் மணி அடிக்க ஆள் இல்லை.

காரணம் மிகச் சாதாரணமானது. இன்சைட் என்று ஒரு துணைச் செயலி இருந்தது. அதன் வசதிகளை ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டதால், தனியாக நிறுவப்பட்டிருந்த பழைய பிரதிகளை நீக்க வேண்டியிருந்தது. நீக்கச் சொன்ன குழு, நீக்கப்போகும் குழுவிடம் ஓர் எண் பட்டியலைக் கொடுத்தது. அதில் இருக்க வேண்டியது அந்தச் செயலியின் அடையாள எண்கள். இருந்ததோ செயலி நிறுவப்பட்டிருந்த முழுத் தளங்களின் எண்கள். அழிக்கும் கட்டளையை ஏற்கும் ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை சொல்லும் வாசல்) இரண்டு வகை எண்களையும் வாங்கிக்கொள்ளும். "இது செயலியா, முழுத் தளமா?" என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது. ஸ்க்ரிப்டைச் சக ஊழியர்கள் சரிபார்த்திருந்தார்கள். ஆனால் எந்த ஏபிஐ அழைக்கப்படுகிறது என்பதைத்தான் பார்த்தார்கள், உள்ளே போகும் எண்கள் எதைக் குறிக்கின்றன என்று பார்க்கவில்லை. அதற்கு மேல், திரும்ப எடுக்கக்கூடிய அழிப்பு, நிரந்தர அழிப்பு என்ற இரண்டு முறைகளில் நிரந்தர அழிப்பு ஓடிவிட்டது.

முறையான வழியில் வந்த அழிப்பு என்பதால் கண்காணிப்பு அமைப்பில் எந்த எச்சரிக்கையும் எழவில்லை. 1.16 மணிக்கு, ஸ்க்ரிப்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் புகார் பதிந்தார். நிறுவனத்துக்கு விஷயம் தெரிந்தது அப்படித்தான். 1.47-க்குப் பெரிய நிகழ்வுகளுக்கான நடைமுறை தொடங்கியது. ஸ்க்ரிப்டுக்கும் புகார்களுக்கும் உள்ள தொடர்பு 2.23-க்கு உறுதியானது. மீட்பது எவ்வளவு சிக்கல் என்பது மாலை 6.08-க்குத்தான் முழுதாக உறைத்தது.

பேக்கப் இல்லையா என்று கேட்கத் தோன்றும். இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். நூறு குடும்பங்களின் வரவு செலவை ஒரே பெரிய பேரேட்டில் எழுதிவருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று குடும்பத்தின் பக்கங்களை யாரோ கிழித்துவிட்டார்கள். நேற்றைய பேரேட்டின் நகல் கையில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்து வைத்தால் மற்ற 97 குடும்பங்கள் இன்று எழுதியது காணாமல் போகும். ஆகவே அந்த மூன்று குடும்பத்தின் பக்கங்களை மட்டும் நகலிலிருந்து தேடி எடுத்து, இன்றைய பேரேட்டில் ஒட்ட வேண்டும். கிளவுட் சேவைகளில் பல வாடிக்கையாளர்களின் தரவு இப்படித்தான் ஒன்றாக இருக்கும். ஒரு வாடிக்கையாளரை மட்டும் பிரித்து மீட்கும் பழக்கம் அட்லாசியனிடம் இருந்தது. நூற்றுக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் மீட்கும் தானியங்கி ஏற்பாடு இல்லை. முதலில் கையாண்ட முறையில் ஏறக்குறைய 70 வேலைகள், ஒரு தொகுதி முடிய 48 மணி நேரம். அந்த வழியில் 112 தளங்கள் மீண்டன. பிறகு, அழிந்த தளத்தின் பழைய அடையாள எண்களையே மறுபடி பயன்படுத்தும் இரண்டாவது வழியைக் கண்டுபிடித்து, நேரத்தை ஏறக்குறைய 12 மணியாகக் குறைத்தார்கள். மீதி 771 தளங்களும் வந்தது அதன் வழியாக. இரவு பகலாக நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் செய்த அந்த வேலையை நான் மதிக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடத் தரவு மட்டுமே இழப்பானது என்பதும் சிறிய விஷயம் இல்லை.

பேசாத வாரம்

தொழில்நுட்பத் தவறைவிட என்னை உறுத்துவது அடுத்து வருவதுதான்.

தளத்தை அழித்தபோது அந்தத் தளத்தின் நிர்வாகி யார், அவருடைய மின்னஞ்சல் எது என்ற விவரமும் சேர்ந்து அழிந்தது. யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்ற பட்டியலே நிறுவனத்திடம் சரியாக இல்லை. எதிர்ப்பக்கம் இன்னும் மோசம். உதவி கேட்கும் படிவத்தில் உங்கள் தளத்தின் முகவரியை எழுத வேண்டும், அது செல்லுபடியாகும் முகவரியாக இருக்க வேண்டும். தளமே அழிந்துவிட்டதால் படிவம் ஏற்காது. பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் தாங்கள் வாடிக்கையாளர்கள்தான் என்று நிரூபிக்க முடியாமல் நின்றார்கள்.

அதே ஏப்ரல் 5 முதல் 7 வரை லாஸ் வேகாஸில் நிறுவனத்தின் வருடாந்தர மாநாடு நடந்துகொண்டிருந்தது. புதிய தயாரிப்புகள் மேடையேறின. முடக்கத்தைப் பற்றி, சேவைகளின் நிலவரத்தைக் காட்டும் ஸ்டேட்டஸ் பக்கத்தில் குறிப்புகள் வந்தன: வேலை நடக்கிறது, படிப்படியாக மீட்கிறோம். எத்தனை பேர், ஏன், எப்போது முடியும் என்ற மூன்றுக்கும் அங்கே பதில் இல்லை. தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஸ்ரீ விஸ்வநாத் விளக்கம் எழுதியது ஏப்ரல் 12-ஆம் தேதி. எட்டாவது நாள். அப்போது சொன்ன கணக்கு சுமார் 400 வாடிக்கையாளர்கள். இறுதி அறிக்கையில் அது 775 ஆனது.

அந்த எட்டு நாளில் பேசியது யார்? பாதிக்கப்பட்ட பொறியாளர்கள். ஹேக்கர் நியூஸ், ரெடிட் ஆகிய இணைய விவாத மேடைகளில் "எங்களுக்கு ஆறு நாளாக எதுவும் இல்லை", "எங்களுக்கும்தான்" என்று ஒருவரையொருவர் கண்டுபிடித்துக்கொண்டார்கள். முன்பு ஊபரில் வேலை பார்த்த கெர்கெலி ஓரோஸ், பொறியாளர்களுக்காக நடத்தும் தன் செய்திமடலில், பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி முழு நிகழ்வையும் தொகுத்தார். அட்லாசியன் வரலாற்றிலேயே நீண்ட முடக்கம் என்று அந்தக் கட்டுரை அறியப்பட்டது. பெரிய செய்தி நிறுவனங்கள் பலவும் விஷயத்தைக் கையில் எடுத்தது இதற்கெல்லாம் பிறகுதான். நாளிதழ்களிடம் இருக்கும் ஆள்பலத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒருவர், தொலைபேசியும் பொறுமையுமாகச் செய்த வேலை அது.

நிறுவனத்தின் சார்பில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 29-ஆம் தேதி இணை நிறுவனர் ஸ்காட் ஃபார்குவார் முன்னுரையோடு வெளியான விரிவான அறிக்கை நேர்மையானது. நிமிடக் கணக்கு, தவறான எண் பட்டியல், கண்காணிப்பு கோட்டைவிட்டது, எல்லாம் அதில் இருக்கிறது. நான் மேலே தந்த எண்களில் பெரும்பாலானவை அதிலிருந்து வந்தவைதான். பாதிக்கப்பட்டவர்களிடம் நேரடியாகப் பேசுவதற்கு முன்னுரிமை கொடுத்தோம், பொதுவெளியில் முன்னதாகவே பேசியிருக்க வேண்டும் என்றும் அதில் ஒப்புக்கொண்டார்கள். நேர்மையான அந்த வாக்கியம் வந்தபோது எல்லாம் முடிந்து 11 நாள் ஆகியிருந்தது.

இது ஏன் எனக்குப் பெரிதாகப் படுகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நான் இரவு ஷிப்டில் இருந்தபோது, நாங்கள் பணம் கட்டி வாங்கியிருந்த வெளிச் சேவை ஒன்று நின்றுவிட்டது. அதன் ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாகவே இருந்தது. மேனேஜர் அழைத்து, "அவங்க பக்கம் எல்லாம் சரியா இருக்குன்னு காட்டுதேப்பா, நம்ம பக்கம்தான் ஏதோ தப்பு, பாரு" என்றார். மூன்று மணி நேரம் எங்கள் அமைப்பையே குடைந்தோம். சரியாக இருந்த இரண்டு விஷயங்களை மாற்றிக் கெடுத்தும் வைத்தோம். விடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் மஞ்சளானது. அன்றிரவு ஏதாவது ஒரு செய்தித் தளத்தில் இரண்டு வரி இருந்திருந்தால், என் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் தன் தவறு என்று நினைத்து அழுதிருக்க மாட்டாள்.

49 நிமிடம் ஏன் உலகச் செய்தியானது

2021 ஜூன் 8. இந்திய நேரப்படி பிற்பகல் 3.17-க்கு ஃபாஸ்ட்லி என்ற நிறுவனத்தின் வலையமைப்பில் 85 சதவீதம் பிழை காட்டத் தொடங்கியது. தளங்களின் பக்கங்களை உலகின் பல மூலைகளில் பிரதியெடுத்து வைத்து வாசகருக்கு வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் தொழில். அதற்கு முதல் நாள் வரை பெரும்பாலான நிருபர்கள் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மே 12-ஆம் தேதி நிறுவிய மென்பொருளில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. ஒரு வாடிக்கையாளர் விதிமுறைக்கு உட்பட்டுச் செய்த ஒரு அமைப்பு மாற்றம் அதை உசுப்பிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார்கள், 49 நிமிடத்துக்குள் வலையமைப்பில் 95 சதவீதம் சீராகிவிட்டது. அன்றே காரணத்தையும் எழுதி வெளியிட்டார்கள். இந்தத் துறையில் இதைவிட ஒழுங்காக ஒரு முடக்கத்தைக் கையாள்வது கடினம்.

ஆனால் அது உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. காரணம் எளிது. நியூயார்க் டைம்ஸ், கார்டியன், பைனான்ஷியல் டைம்ஸ், சிஎன்என் எல்லாம் அந்த 49 நிமிடத்தில் தாங்களே முடங்கிக் கிடந்தன. பிரிட்டன் அரசின் இணையதளமும் போனது. தி வெர்ஜ் தளத்தின் நிருபர்கள் ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பைத் திறந்து அதில் செய்தி எழுதினார்கள். அவசரத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற அனுமதியை மூட மறந்து, வாசகர்களும் உள்ளே புகுந்து எழுதிய கூத்தும் நடந்தது.

நிருபரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் திரையில் பிழை வந்தால் நிருபருக்கு அது உடனே தெரிகிறது, படம் பிடிக்க முடிகிறது, ஆசிரியருக்குப் புரியவைக்கத் தேவையில்லை. 775 நிறுவனங்களுக்குள் நடந்ததைத் தெரிந்துகொள்ள யாராவது போன் செய்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கோ தயக்கம் அதிகம். எங்கள் வேலைப் பட்டியல் முழுக்கக் காணாமல் போய்விட்டது என்று எந்த நிறுவனம் தன் பெயரைப் போட்டுச் சொல்லும்? அதன் சொந்த வாடிக்கையாளர்கள் பயந்துவிடுவார்கள். தரவைத் திரும்பத் தர வேண்டிய நிறுவனத்தைப் பகைத்துக்கொள்ளவும் அந்த நேரத்தில் யாரும் விரும்ப மாட்டார்கள்.

இன்னொரு காரணம் டவுன்டிடெக்டர். எந்தச் சேவை எங்கே நின்றது என்று பொதுமக்கள் புகார் பதியும் தளம் அது. அதன் வரைபடம் செங்குத்தாக எழுந்தால் அதுவே செய்தி, சில நிமிடங்களில் தலைப்பு தயாராகிவிடும். பேஸ்புக் முடங்கிய அன்று அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அட்லாசியன் வாடிக்கையாளர்களில் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவானவர்களுக்கு மட்டும் நடந்த ஒன்று அந்த வரைபடத்தில் ஒரு சிறு மேடாகக்கூடத் தெரியாது. பரவலாகச் சில நிமிடம் வலித்தால் அது தெரியும். சிலருக்கு மட்டும் இரண்டு வாரம் வலித்தால் தெரியாது. இந்தக் கருவியை நம்பி எழுதும் செய்தியாளர்கள் தங்களுக்கே தெரியாமல் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டால் என்ன கிடைக்கும்

2021 அக்டோபர் 4-க்கு வருவோம். இந்திய நேரப்படி இரவு 9 மணிக்குச் சற்றுப் பிறகு பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் நின்றன. திரும்ப வரும்போது விடியற்காலை 3 மணியை நெருங்கிவிட்டது. முந்தைய நாள்தான் பேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி நிறுவனத்தைப் பற்றிப் பேசியிருந்தார். மறுநாள் செனட் குழுவின் முன் சாட்சி சொல்லவிருந்தார். ஊடகக் கண் ஏற்கெனவே பேஸ்புக் மேல் இருந்தது. அதற்கும் முடக்கத்துக்கும் தொடர்பு உண்டு, ஹேக் செய்துவிட்டார்கள் என்றெல்லாம் வதந்திகள் கிளம்பின.

இவ்வளவு அழுத்தம் இருந்ததால் நடந்ததைப் பாருங்கள். அன்றே கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் பொறியாளர்கள் வெளியிலிருந்து தெரிந்ததை வைத்து விளக்கம் எழுதினார்கள்: தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள் பேஸ்புக்கில் இருந்தன, அவற்றுக்குப் போகும் பாதைகளே இணையத்தின் வரைபடத்திலிருந்து விலக்கப்பட்டுவிட்டன. அன்றும் மறுநாளுமாக பேஸ்புக்கின் சந்தோஷ் ஜனார்த்தன் இரண்டு விளக்கங்கள் வெளியிட்டார். வழக்கமான பராமரிப்பின்போது, டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் திறனைக் கணக்கிடக் கொடுத்த ஒரு கட்டளை, எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அதுவும் தடுக்கவில்லை. டேட்டா சென்டரை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்குத்தான் கோளாறு என்று முடிவு செய்து, தங்களை எட்டும் வழியை மற்ற வலையமைப்புகளுக்குச் சொல்லும் பிஜிபி அறிவிப்புகளைத் தாங்களே விலக்கிக்கொண்டன. பொறியாளர்கள் தொலைவிலிருந்து சரிசெய்யப் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதோடு போயின. நேரில் போனால் பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாண்டி உள்ளே நுழையவே நேரம் பிடித்தது.

பிஜிபி என்ற சொல்லை அதுவரை வலையமைப்புப் பொறியாளர்களைத் தவிர யாரும் உச்சரித்ததில்லை. மறுநாள் பொது நாளிதழ்கள் அதைப் படம் போட்டு விளக்கின. ஊடகம் நினைத்தால் சிக்கலான விஷயத்தையும் விளக்கும் என்பதற்கு இது சாட்சி. நிறுவனமும் ஒரு நாளுக்குள் வேர்க்காரணத்தைச் சொல்லிவிட்டது. ஆறு மணி நேர முடக்கத்துக்கு ஒரே நாளில் விளக்கம். 14 நாள் முடக்கத்துக்கு முதல் விளக்கம் எட்டாவது நாளில். பேஸ்புக் இயல்பிலேயே வெளிப்படையான நிறுவனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேள்வி வந்த வேகம்தான் பதிலின் வேகத்தைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

தெரிந்த பெயர் மேல் விழும் பழி

கவனம் குறைவாக விழுவது ஒரு பக்கம். தவறான இடத்தில் விழுவதும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு கோளாறான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். முதல் சில மணி நேரத்துக்கு உலகத் தலைப்புகளில் பெரும்பாலும் இருந்த பெயர் மைக்ரோசாஃப்ட். நீலத் திரையில் தெரிவது விண்டோஸ், எல்லாருக்கும் தெரிந்த பெயரும் அதுதான். அதற்கு முந்தைய இரவு அமெரிக்காவில் மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேவையான அஸூரின் ஒரு பகுதியும் தனியாக முடங்கியிருந்ததால் குழப்பம் இன்னும் கூடியது. இதில் தெளிவு வரும் வரை, சரிசெய்ய முயன்ற எத்தனையோ பேர் தவறான நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. 2018 செப்டம்பர் 24 அன்று ஜோஹோவின் முதன்மை டொமைன் (இணைய முகவரிப் பெயர்) இணையத்திலிருந்து காணாமல் போனது. உலகம் முழுக்கப் பல லட்சம் பேரின் அலுவலக மின்னஞ்சல் நின்றது. ஜோஹோவின் சர்வர்களில் எந்தக் கோளாறும் இல்லை. டொமைனைப் பதிவு செய்து கொடுத்திருந்த அமெரிக்க நிறுவனமான டியராநெட், சில ஃபிஷிங் (போலி மின்னஞ்சலால் ஏமாற்றும் மோசடி) புகார்களைக் காரணம் காட்டி அதை நிறுத்திவிட்டது. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. பிறகு டொமைனை கிளவுட்ஃப்ளேருக்கு மாற்றினார்கள். பலர் மனதில் தங்கியது "ஜோஹோ டவுன்" என்பதுதான். ஒரு பதிவு நிறுவனம் விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்களை வைத்து இத்தனை பேரின் மின்னஞ்சலை நிறுத்த முடியும் என்பது அதைவிடப் பெரிய செய்தி. அதைப் போதுமான அளவு யாரும் துருவவில்லை என்பது என் ஆதங்கம்.

கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தால்

ஊடகத்தின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்காத துறைகளும் உண்டு. கனடாவில் 2022 ஜூலை 8 அன்று ராஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பு விழுந்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் போயின. அவசர அழைப்புகளும் இன்டராக் பணப்பரிமாற்றமும் பாதிக்கப்பட்டன. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் எழுத்துமூலம் பதில் கேட்டது. அந்த மாதமே நிறுவனத் தலைவர் டோனி ஸ்டாஃபியெரி நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்தார். ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8 அன்று ஆப்டஸ் தொலைத்தொடர்பு நிறுவனம் முடங்கியபோது செனட் விசாரணை நவம்பர் 17-ஆம் தேதியே நடந்தது. அடுத்த சில நாளில் தலைமை நிர்வாகி கெல்லி பேயர் ரோஸ்மரின் பதவி விலகினார். 2,145 பேருக்கு அவசர எண் கிடைக்கவில்லை என்ற கணக்கு ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணையில்தான் நிலைபெற்றது, 2024-இல் 1.2 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் அபராதமும் விழுந்தது. ஆரம்பத்தில் நிறுவனம் சொன்ன எண்ணிக்கை இதைவிட மிகவும் குறைவு.

நம் ஊரில் வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி இருக்கிறது. எச்டிஎஃப்சி வங்கியின் இணையச் சேவைகள் திரும்பத் திரும்ப முடங்கியதால் 2020 டிசம்பரில், புதிய டிஜிட்டல் திட்டங்களைத் தொடங்குவதையும் புதிய கிரெடிட் கார்டு கொடுப்பதையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. தடை முழுவதுமாக நீங்க 2022 மார்ச் ஆனது. ஆனால் அந்த வங்கியோ, மருத்துவமனையோ, அரசுத் துறையோ அன்றாடம் சார்ந்திருக்கும் ஒரு கிளவுட் மென்பொருள் தன் கைத்தவறால் இரண்டு வாரம் நின்றால், பொதுமக்களுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்று கேட்க அப்படி ஒருவர் இல்லை. 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, சைபர் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. அது தாக்குதல்களையும் ஊடுருவல்களையும் மனதில் வைத்தது. சொந்த ஸ்க்ரிப்ட் அழித்தது அந்தக் கணக்கில் வராது. அந்த இடைவெளியில் நிற்கக்கூடியது பத்திரிகை மட்டும்தான்.

அட்லாசியன் விஷயத்தில் ஒரு செய்தியாளர் முதல் வாரத்திலேயே கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் கடினமானவை இல்லை. எத்தனை வாடிக்கையாளர்கள், எத்தனை நாள், தரவு திரும்ப வருமா, மேடையில் பேசிக்கொண்டிருக்கும் தலைவர்களுக்கு இது தெரியுமா? நிறுவனத்தின் இன்னொரு இணை நிறுவனர் மைக் கேனன்-புரூக்ஸ் அந்த மாதங்களில் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்குப் புதியவர் இல்லை. பிப்ரவரியில் ஏஜிஎல் மின் நிறுவனத்தை வாங்க முயன்றதால் தொடர்ந்து செய்தியில் இருந்தவர். அவரிடம் மின்சாரத்தைப் பற்றிக் கேட்ட நிருபர்கள், கூடவே இதையும் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கலாம்.

அந்தக் கேள்விக்கு அப்போது ஒரு குறிப்பான அவசரமும் இருந்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளும் ஜிராவை நிறுத்தப்போவதாக 2020 அக்டோபரிலேயே அட்லாசியன் அறிவித்திருந்தது. 2021 பிப்ரவரியில் புதிய சர்வர் உரிமங்கள் விற்பது நின்றது. 2024 பிப்ரவரி 15-க்குப் பிறகு ஆதரவும் கிடையாது, கிளவுடுக்கு வாருங்கள் என்று எல்லாரையும் அழைத்துக்கொண்டிருந்த நடுவில்தான் 883 தளங்கள் அழிந்தன. 2022 ஏப்ரல் மாதம் எத்தனையோ அலுவலகங்களில் யாரோ ஒருவர் உட்கார்ந்து, சர்வர் அறையில் இருக்கும் தங்கள் ஜிராவை எடுத்து அட்லாசியனின் கிளவுடில் வைப்பதற்கான ஒப்புதல் கோப்பைத் தயாரித்துக்கொண்டிருந்திருப்பார். பேக்கப் யார் பொறுப்பு, நம் தளத்தை மட்டும் மீட்க எத்தனை மணி நேரம் ஆகும், நிர்வாகியின் தொலைபேசி எண் அவர்களிடம் தனியாக இருக்குமா என்ற கேள்விகளை அந்தக் கோப்பில் சேர்க்க அவருக்கு அந்த வாரம் ஒரு செய்தி தேவைப்பட்டது.